பத்து மடங்கு ஸூம்

போன் வாங்குறதுல அவசரப்படக் கூடாது சேர். நான் மூணு தடவ பதுளைக்கு எறங்கி வந்து பாத்துட்டுத்தான் எடுத்தேன். வீடியோ போடுறவங்க நெறைய பேரு முன்பக்கத்துக் கேமராவ மட்டும் பாத்து ஏமாந்துருவாங்க. மொகம் அழகா விழும், அவ்வளவுதான். நம்ம மலைக்கு அது காணாது. எப்பவும் தூறல், அதனால தண்ணி தாங்கணும். காத்து அடிக்கும், அதனால மைக் நல்லா இருக்கணும். டவர் இல்லாத எடத்துல எடுத்து, டவர் உள்ள மேட்டுக்கு ஏறிப்போய் போடணும், அதனால பேட்டரி நிக்கணும். இதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக்கிட்டுத்தான் போனேன். அந்தத் தாளத்தான் இப்ப நீங்க மேசையில வச்சிருக்கீங்க. அதுல மொதல்ல ஸூம்னு எழுதி, அடியில ரெண்டு கோடு ஏன் போட்டேன்னு கேட்டீங்க. சொல்றேன்.

என் பேரு சதீஸ்குமார். தெமோதரைக்கு மேல உள்ள தோட்டத்துல சாக்குக்காரன். பொம்பளைங்க பறிக்கிற கொழுந்த நிறுத்து, சாக்குல கட்டி, லொறிக்குத் தூக்குறது என் வேல. இன்னொரு வேலையும் இருக்கு. காலையில ஆள் கூடுற பெரட்டுல பேர் குடுத்துட்டு அவங்க மலைக்கு ஏறுறதுக்கு முந்தி, நான் போய் மரமெல்லாம் அண்ணாந்து பாக்கணும். குளவிக்கூடு இருந்தா அடிமரத்துல சிவப்புத் துணி கட்டணும். துணி கட்டுன மரத்தச் சுத்தி நாலு செடி நெரைக்கு யாரும் எறங்க மாட்டாங்க. கொழுந்து பறிக்கிறவங்களுக்கு அண்ணாந்து பாக்க எங்க நேரம்? கண்ணும் கையும் செடியிலதான். துணி இருக்கான்னு மட்டும் பாப்பாங்க. இல்லன்னா எறங்கிருவாங்க.

ரெண்டு வருசமா நான் வீடியோ போடுறேன். பாக்குறவங்க எனக்காக வரல. பெரியாயி அத்தைக்காக வந்தாங்க. அவங்க என் சம்சாரம் சுபாஜினியோட சின்னம்மா, எங்க லயத்துல அடுத்த காம்பராவுல குடியிருந்தாங்க. கட்டச்சம்பலுக்கு மொளகா அரைச்சுக்கிட்டே கேமராவப் பாத்து, "மூஞ்சிய ரொம்பக் கிட்ட எடுக்காதீங்க மாப்ள, போனு பயந்துரும்"னு சொல்லுவாங்க. அதுக்காகவே வெளிநாட்டுல இருந்தெல்லாம் எழுதுவாங்க. அத்தை மேல எனக்கு உசுரு. நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம்.

போன வருசம் எட்டாம் நம்பர் மலையில காத்து ஒரு குளவிக்கூட்டக் கீழ தள்ளி விட்டுருச்சு. மூணு பேருக்குக் கொட்டு. அதுல என் தப்பு ஒண்ணும் இல்ல, துணி கட்டித்தான் இருந்தேன். பழைய போன்ல ஓடிக்கிட்டே எடுத்தேன். பச்சையா என்னவோ ஆடுனது தவிர ஒரு எழவும் தெரியல. அதையே ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்க. அஞ்சு வருசமா மகஜர் குடுத்தும் அசையாத தோட்டத்து ஆபீஸ், ரெண்டே நாள்ல ஆள் அனுப்பி அந்த மலைக் கூடெல்லாம் எரிச்சாங்க. அந்த ஒரு மலையோட சரி. மத்த மலைக்கு வரல. வீடியோவுக்குக் கீழ எழுதுனவங்கள்ல பாதிப்பேரு, "ஒண்ணுமே தெளிவா இல்லையே"ன்னுதான் எழுதியிருந்தாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. தெளிவா இருந்திருந்தா எல்லா மலைக்கும் வந்திருப்பாங்க இல்லையா.

பதுளையில ஹுமைத் நானா கடையிலதான் போன் எடுத்தேன். நல்ல மனுசன். கடை வாசல்ல நின்னு பத்து மடங்கு ஸூம் வச்சுப் பாக்கச் சொன்னாரு. அந்தப் பக்கம் வெலிமடை பஸ்ல ஒரு பொம்பள, கேரட் பைய மடியில வச்சுக்கிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தா. அவ மூக்குத்தில கல்லு ஒண்ணு விழுந்திருந்தது வரைக்கும் தெரிஞ்சுது.

"சமையல் வீடியோவுக்கு என்னத்துக்குத் தம்பி இவ்வளவு ஸூம்? அம்மி எழும்பி ஓடவா போகுது?"ன்னு கேட்டாரு.

"கிட்டப் போக முடியாததையும் எடுக்கணும் நானா."

"குருவியா?"

ஆமான்னேன். அவரு ஒண்ணு சொன்னாரு. "பத்து மடங்குல கை லேசா ஆடினாலும் படம் குதிக்கும். போன்ல உள்ள ஆடாம வைக்கிற வசதி அவ்வளவு தூரத்துக்கு வேல செய்யாது. ஒரு ஸ்டாண்ட் எடுத்துட்டுப் போங்க." அடுத்த தடவ பாப்போம்னுட்டு வந்துட்டேன்.

அடுத்த கெழம ஏழாம் நம்பர் மலைக்குப் பறிப்பு முறை வந்துச்சு. அங்க பெரிய வாகை மரத்துல பானை அளவுக்குக் கூடு. சிவப்புத் துணி என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. கட்டல. நான் செஞ்சது அவ்வளவுதான்னு மொதல்ல உங்ககிட்டச் சொன்னேன். அது முழுசா சரியில்ல.

மூணாவது நாள் பறிப்பு மரத்தடிக்கு வரும்னு எனக்குத் தெரியும். மரத்தடி நெரை சுபாஜினிக்கு. அன்னைக்குக் காலையில அவள வேலைக்குப் போக வேணாம்னேன், காய்ச்சல்னு சொல்லச் சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல. எங்க மலையில ஒருத்தி வரலன்னா, அவ நெரைய சொந்தக்காரிதான் சேத்து எடுப்பா. அது பழக்கம். பெரட்டுல வீரய்யா கங்காணி கேட்டப்போ, "எம்மக நெரைய நானே பறிக்கிறேன்"னு அத்தை சொன்னத நான் பக்கத்துல நின்னு கேட்டேன்.

வேற ஆளா இருந்தா என்னன்னு கேக்குறீங்க. பாக்குறவங்களுக்குத் தெரியாத ஆளுன்னா மூணு நாள் பாவம்னு சொல்லிட்டு விட்டுருவாங்க சேர். அத்தைய எல்லாருக்கும் தெரியும்.

பத்து மணி இருக்கும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டுல நின்னேன். குளவி அதுபாட்டுக்குத்தான் இருந்துச்சு. குருவி அடிக்கிற ரப்பர் கெட்டப்போல் கொண்டு போயிருந்தேன். மூணாவது கல்லு கூட்டுல பட்டுச்சு. அப்புறம் போன எடுத்தேன்.

நாலு நிமிசம் இருவது செக்கன். நீங்க பாத்துட்டீங்க. மத்தவங்க கூடையப் போட்டுட்டு ஓடிட்டாங்க. அத்தைக்குக் கூடைக்கயிறு கழுத்துல மாட்டிக்கிச்சு. அவங்க செஞ்ச மொத வேல, திரும்பி அடிமரத்தப் பாத்ததுதான். துணி இருக்கான்னு பாத்தாங்க. அது வீடியோவுல நல்லாத் தெரியும். அப்புறம் ரோட்டுல நிக்கிற என்னைப் பாத்துட்டாங்க. கையத் தூக்குனாங்க. மாப்ளன்னு வாய் அசையுது. மைக்குக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

அத்தையோட செத்த வீட்டுல நான் அழுதது நடிப்பு இல்ல. அதுக்கு மறுநாள் வீடியோவப் போட்டேன். போட்டு நாலாம் நாள் எல்லா மலையிலயும் கூடு எரிச்சாங்க. எட்டாம் நம்பர், ஏழாம் நம்பர்னு பிரிக்கல. இனி எங்க தோட்டத்துல ஒரு பொம்பளைக்கும் கொட்டு இல்ல. அத்தை இருந்திருந்தா அவங்களும் சந்தோசப்பட்டிருப்பாங்க.

சுபாஜினி அந்த வீடியோவ ஒரே ஒரு தடவ பாத்தா. போன என் கையில குடுத்துட்டு, "அன்னைக்கு என்னைய ஏன் போக வேணாம்னீங்க?"ன்னு கேட்டா. நான் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ சீலைய மாத்திக்கிட்டு எறங்கி, பஸ் புடிச்சு, நேரா பொலிசுக்கு, உங்ககிட்ட வந்துட்டா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல.

நேத்து ஹுமைத் நானாவும் இங்க வந்திருந்தாரு, நீங்கதானே கூப்பிட்டீங்க. போறப்போ என் பக்கத்துல வந்து நின்னாரு. மொகத்தப் பாக்கல. "வீடியோ ஒரு பொட்டு ஆடல்லயே தம்பி, என்ன ஸ்டாண்ட் பாவிச்சீங்க?"ன்னு கேட்டாரு.

ஸ்டாண்ட் இல்ல நானா, வெறும் கைதான்னு சொன்னேன்.