வெள்ளிக்கிழமைத் தாடி

— இப்பத்த ஆக்களுக்கு வெக்கம் எண்ட சாமானே இல்ல, சுல்பா. முந்தி ஒரு வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டா, பக்கத்து வீட்டான் ஜன்னலச் சாத்திருவான். இப்ப போனத் தூக்கிக்கிட்டு ஓடி வாறான். நீ அதவிடப் பெரிய கமராவக் கொண்டாந்து, பெத்த வாப்பாட வாசல்லயே நட்டு வெச்சிருக்கிற.

— வாப்பா, அந்தக் கதைய விடுங்க. தாடிக்கு என்ன செஞ்சீங்க?

— என்ட தாடிக்கா?

— ஓம், உங்கட தாடிக்குத்தான். நேத்து வெள்ளையா இருந்திச்சு. இப்ப செவப்பா இருக்கு.

— இண்டைக்கு வெள்ளிக்கிழமை. குளிச்சன், நகம் வெட்டினன், மருதோண்டி வெச்சன். ஜும்ஆவுக்குப் போற மனுசன் வேற என்ன செய்வான்?

— அல்லாவே! ராத்தா, நேத்து வீட்டுக்குள்ள எடுத்ததுல மர்ஸூக் மாமாட தாடி பஞ்சு மாதிரி. அலுமாரியத் திறந்து, சூட்கேஸை எடுத்து, கதவுல கை வைக்கிறாரு. இண்டைக்கு எடுக்கிறதுல அதே கதவால வெளிய வாறாரு, தாடி செவப்பு. வாசப்படி தாண்டுறதுக்குள்ள தாடி பழுத்துப் போச்சு எண்டுதான் சனம் நினைக்கும்.

— அன்ஸார், நீ கமராவப் பாரு. பகிடிய வீட்டுக்குப் போய் விடு.

— அவனை ஏன் ஏசுற மகள்? ஒரு கிழவன்ட தாடிய எவன் பாக்கப் போறான்?

— எல்லாரும் பாப்பாங்க வாப்பா. இவ்வளவு காலமும் என்ட வேலையே அதுதானே. கொழும்புல நாடகம் எடுக்கக்குள்ள, படம் எடுக்கக்குள்ள, கமராவுக்குப் பக்கத்துல ஒரு குட்டிக் கதிரையில இருப்பன். போன காட்சியில கோப்பை எந்தக் கையில, சட்டையில எந்தப் பொத்தான் பூட்டாமக் கிடந்திச்சு, எல்லாம் நான் பாத்துச் சொல்லணும்.

— நல்ல வேலை. மத்தவன்ட பிழையப் புடிச்சுச் சம்பளம் எடுத்தாய். சொந்தமாப் படம் எடு எண்டு உன்னை ஆர் கூப்பிட்டது?

— ஒருநாள் நடிகர்ட மணிக்கூடு கை மாறி இருந்திச்சு. நான் சொன்னன். டிரெக்டர் காதுலயே போடல்ல. பொறகு பிழை தெரிஞ்சதும் எல்லாருக்கும் முன்னால, உனக்குக் கண் தெரியாதா எண்டு என்னைத்தான் ஏசினாரு. அண்டைக்கு நினைச்சன், என்ட சொல்லுக் கேக்கிற படம் ஒண்டாவது எடுக்கணும் எண்டு.

— இப்ப ஆர் கேக்கிறா உன்ட சொல்லை?

— அதுதானே வாப்பா. நீங்களே கேக்கல்லையே.

— ராத்தா, கோபப்படாதீங்க. தாடிக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுப் பாப்பமா?

— பவுடரா? டேய் அன்ஸார், நான் என்ன பொரிக்கப் போற மீனா, மாப் பூச?

— அப்ப முதுகுப் பக்கமா எடுப்பம். மாமா கதவத் தாண்டினதுல இருந்து பெரிய ரோட்டுக்குப் போற வரைக்கும் பின்னாலயே நான் வாறன். தாடி தெரியாது.

— அது சரிவரும். வாப்பா, முதுகு மட்டுந்தான். திரும்பிப் பாக்காம நடங்க. கறுத்த சூட்கேஸ் இடது கையில.

— நான் நடக்க மாட்டன்.

— வாப்பா, பின்னேரம் கமரா கொழும்புக்குப் போகணும். படத்துல இது ஒண்டுதான் பாக்கி. கிழவர் இந்தக் கரைத்தீவு வீட்டப் பூட்டிட்டு மன்னாருக்குத் திரும்பிப் போறாரு, அதோட முடியுது. நீங்க நடக்கல்லண்டா எனக்குப் படமே இல்ல. இருந்த வேலையையும் விட்டுட்டன். திரும்பிப் போய் எவன்டயோ சட்டைப் பொத்தானப் பாத்துக்கிட்டு இருக்கணும்.

— நான் எத்தினை தரம் சொன்னன், இந்த முடிவு வேணாம் எண்டு? கேட்டியா? நீயும் அந்த டிரெக்டர் மாதிரித்தான் ஆகிட்ட.

— நீங்க போகவே மாட்டீங்க எண்டு தெரியும் வாப்பா. சண்டை முடிஞ்சு உங்கட கூடப்பிறந்தவங்க எல்லாம் ஊருக்குத் திரும்பியும் நீங்க அசையல்ல. அதனாலதான் படத்துலயாவது அந்தக் கிழவரப் போகவிட்டன். அது பிழையா?

— அண்டைக்கு மன்னாருல துவக்கோட வந்தவன் வீட்ட விட்டு வெளிய போ எண்டான், போனன். இப்ப நான் பெத்தவள் கமராவ வெச்சிக்கிட்டு வெளிய போ எண்டுற. அதுவும் இன்னொருக்கா நடங்க, மெதுவா நடங்க எண்டு. ஒரு மனுசன் எத்தினை தரம் வீட்ட விட்டுப் போறது?

— அப்பிடி நான் நினைக்கல்ல வாப்பா.

— நீ கையப் பாப்ப, பொத்தானப் பாப்ப. அந்தக் கை ஆர்ட கை எண்டு பாக்க மாட்ட. சரி, அத விடு. சூட்கேஸ் எங்கால வந்திச்சு? மன்னார்க் கூட்டாளி இன்னாசிப்பிள்ளைட வள்ளத்துல கல்பிட்டியில வந்து இறங்கக்குள்ள என்ட கையில சூட்கேஸா இருந்திச்சு?

— நான் கைப்புள்ள. எனக்கு எப்பிடித் தெரியும்?

— நீதான் இருந்தாய். உன்னைத் தவிர ஒரு சாமானும் கொண்டு வரல்ல. இறக்கி விட்டுட்டு அந்த மனுசன் அழுதுகிட்டே வள்ளத்தத் திருப்பினான். அதுக்குப் பொறகு நாங்க முகம் பாக்கல்ல. வெறுங்கையோட வந்தவனுக்கு நீ சூட்கேஸ் குடுத்து அனுப்புற.

— கையில ஒண்டும் இல்லண்டா கடைக்குப் போறவர் மாதிரித் தெரியும் வாப்பா.

— தெரியட்டும். நான் எங்க போறன் எண்டு நான் அறிஞ்சாக் காணும்.

— ராத்தா, மாமா செருப்புப் போடுறாரு. வெளிச்சமும் நல்லா இருக்கு. அவர் கோபத்துல போகக்குள்ள அப்பிடியே எடுத்திரட்டா?

— வேணாம் அன்ஸார். மூடி வை.

— ராத்தா, வேற முடிவு இல்லையே நமக்கு!

— மூடு எண்டு சொன்னன். வாப்பா, நில்லுங்க. ஒண்டே ஒண்டு கேக்கிறன், படத்துக்கு இல்ல. வெள்ளிக்கிழமை எண்டீங்க. எத்தினையோ வெள்ளிக்கிழமை போச்சு, ஒருநாளும் நீங்க மருதோண்டி வெச்சத நான் காணல்ல. காட்சியக் கெடுக்கத்தானே வெச்சீங்க?

— உன்ட காட்சிய ஆர் நினைச்சான்? நாளைக்கு விடியச் சுபஹ் தொழுதுட்டு மன்னார் பஸ் ஏறுறன். இன்னாசிப்பிள்ளை போன் எடுத்தான், எழும்பி நடக்க ஏலாதாம். கடைசியா அவன் என்னைக் கண்டது கறுத்த தாடியோட, வெள்ளையோட போனா அடையாளம் தெரியாது; கறுப்புப் பூசுறது மார்க்கத்துல கூடாது, அதான் செவப்பு. சூட்கேஸும் வேணாம், நீயும் பின்னால வராத. உன்ட படத்துல எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல.