எனக்கும் காட்டுங்க

வேங்கிக்கால் நீதிமன்ற நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

"என்னைச் சுட்ட துப்பாக்கிய இன்னைக்குத் தொட்டுப் பாத்துட்டேன் அண்ணி" என்றாள் இளையவள்.

நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

"நீ பயந்துக்கினு தெரியலன்னு சொல்லிட்டா அவன் வெளிய வந்துடுவானேன்னு நான் வராண்டாவுல தவிச்சுக்கினு இருந்தேன்டி."

"போலீசம்மா கொழாய்ல குச்சி வுட்டு, காலியா இருக்குதுன்னு ஜட்ஜய்யாவுக்குக் காட்டுனாங்க. அப்புறம் எங்கிட்ட எடுத்தாந்து, இதானான்னு கேட்டாங்க. காலின்னு எனக்கும் காட்டுங்கன்னேன்."

"அடியே! கோர்ட்டுலயா?"

"அவன் வக்கீலு சிரிச்சாரு. அது சுட்டது உங்கள இல்லீங்களேன்னேன். ஜட்ஜய்யா சிரிக்கல. அந்தம்மாவுக்கும் காட்டுங்கன்னுட்டாரு."

"காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. அப்புறந்தான் கிட்ட போனேன். கைப்பிடிக் கட்டையில அன்னைக்குப் பாத்த மாதிரியே சுத்தியிருக்கிற செம்புக் கம்பியத் தடவிப் பாத்து, இதான்னேன். கூண்டுல நின்னுக்கினு அவன் மொறைச்சிக்கினே இருந்தான்."

"கை நடுங்கலியா உனக்கு?"

"நல்லா நடுங்குச்சு அண்ணி. நடுங்கட்டும்னு வுட்டுட்டு, அவன் மூஞ்சியப் பாத்தே சொன்னேன்."