தம்பிக்குக் கொடுத்த தெளிப்பான்

தம்பி கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னதில்லை. டிராக்டரோ, விதையோ, ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் வாட்ட ஆட்டுத்தொடையோ, எதுவானாலும் சரி. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

அப்பா பிரித்துக் கொடுத்ததில் ரோட்டோர நிலம் தம்பி வால்மோருக்கு, பின்பக்கம் எனக்கு. ஒரே செம்மண், ஒரே சோயா. எங்கள் ரியோ கிராண்டே பக்கத்தில் பூவா என்றொரு களை உண்டு. எந்த மருந்துக்கும் லேசில் சாகாது. என் வயலில் அது சோயாவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். வால்மோர் மருந்தடித்து, மிஞ்சியதை மனைவி நெய்வாவோடு இறங்கிக் கையால் பிடுங்குவான். இருவரும் சிரித்துக்கொண்டே பிடுங்குவார்கள். களை பிடுங்குவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

லாரிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்தி அவன் வயலைப் பார்ப்பார்கள். ஒருநாள் கூட்டுறவுச் சங்கத்தில் கிழவர் ஆர்லிந்தோ எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: "ஏன் ஈலாரியோ, நீ பூவாவத்தான் வெதச்சியா? ஊடால சோயா மொளச்சிருச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். வால்மோர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் நெலம் மேட்டு நெலம், அதான்," என்றான். அவனும் சிரித்திருந்தால் தேவலை.

அந்தப் பருவத்தில் அவனுடைய மருந்து தெளிப்பான் பழுதாகிவிட்டது. என்னுடையதைக் கேட்டு வந்தான். நான் அப்போதுதான் ஓரத்தில் போட்டிருந்த மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடித்து முடித்திருந்தேன். அந்த மருந்து சோளத்தை ஒன்றும் செய்யாது, சோயாவைச் சுருட்டிவிடும். தொட்டியை நன்றாக அலசித்தான் கொடுக்க வேண்டும்.

"கழுவிட்டியாண்ணே?"

"கழுவாம குடுப்பனாடா?"

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. நெய்வா என் கையில் மாத்தே கஷாயக் குடுவையைக் கொடுத்து, "நீங்க இல்லன்னா இந்த வருஷம் களை எங்கள முழுங்கியிருக்கும்," என்றாள்.

ஒரு வாரத்தில் அவன் வயலில் சோயா இலைகள் கிண்ணம்போல் குவிந்தன, தண்டுகள் முறுக்கிக்கொண்டன. வேளாண் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, தொட்டியில் வேறு மருந்து கலந்திருக்கிறது என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அண்ணன் கழுவித்தான் குடுத்தாரு," என்றான் வால்மோர். "நான்தான் டப்பா மாத்தி ஊத்தியிருப்பேன்."

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். அதன்பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஊரெல்லாம் அறுவடைக்கு இறங்கிய வாரம் கொட்டகைக்குள் போனவன் உயிரோடு வெளியே வரவில்லை. சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியது நான்தான்.

கைத்தவறு, மனமுடைந்து செத்தான் என்று நீங்கள் வழக்கை முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இல்லை, கழுவ மறந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மறக்கவில்லை. தொட்டியின் அடியில் நின்ற சோள மருந்து போதாது என்று பட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

இப்போது ஏன் வந்தாய் என்கிறீர்கள். போன ஞாயிறு நெய்வா கல்லறையில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். "தெரியாமத்தான செஞ்சீங்க? எனக்கு ஒரு கோவமும் இல்ல. எப்பவோ மன்னிச்சிட்டேன்." கல்லின்மேல் கன்னத்தை வைத்திருந்தாள்.

அந்த வயலை அழித்தது நான். அவன் செய்யாத வேலைக்கு அவனுக்கு மன்னிப்பு கிடைத்திருக்கிறது. அது எனக்குச் சேர வேண்டியது. அவளிடம் சொல்லி வாங்கிக் கொடுங்கள்.