பதில் தட்டு

— முட்டி ரெண்டும் கடுக்குது சூப்பர்வைசர் சார். காலையிலேர்ந்து நின்ன காலு. ஆனா இந்த ஸ்விட்ச் பெட்டி முன்னாடியிருந்து நகர மாட்டேன்.

— சும்மா வம்பு பண்ணாதய்யா ஆபரேட்டரு. இந்தக் கட்டரைத் தூக்கிட்டு நிக்கிறேனே, எனக்குக் கை கடுக்கலையா? ஒரே வெட்டு. பூட்டு விழுந்துடும், தீவனம் கலக்குற மிக்சர் ஓடும்.

— யாரு பூட்டுன்னு தெரியும்ல?

— ஏன் தெரியாது? உன் தங்கச்சி புருஷனோடது. ஃபிட்டரு அவன், பிளேடு மாத்த மிக்சருக்குள்ள இறங்கினான். மாத்தினான். ஷிப்டு முடிஞ்சுது, பூட்டைக் கழட்ட மறந்துட்டு வீட்டைப் பாக்கப் போயிட்டான். வெளிய தீவனம் ஏத்த லாரி வரிசையா நிக்குது.

— போனதை யாரு பாத்தா?

— அதை வேற பாக்கணுமா? ஸ்டாண்டுல அவன் சைக்கிள் இல்ல. இந்த மில்லுல எவன் இருக்கான், எவன் போனான்னு சைக்கிளைப் பாத்துதானய்யா சொல்றோம்.

— அந்த சைக்கிள் என் வீட்டுச் சுவத்துல சாஞ்சு நிக்குது சார்.

— என்னது?

— விடிஞ்சதும் விடியாததுமா தங்கச்சி அதை மிதிச்சுக்கிட்டு என்னைப் பாக்க வந்தா. திரும்புறப்ப செயின் அறுந்து போச்சு, அங்கயே விட்டுட்டு பஸ் ஏறிட்டா. மாப்ள இன்னிக்கு நடந்துதான் வேலைக்கு வந்திருக்கான்.

— நடந்து வந்தவன் நடந்து போயிருப்பான்! மிக்சருக்குள்ள டார்ச்சு அடிச்சுப் பாத்தேன்யா, அதாலயே தட்டியும் பாத்தேன். பிளேடுதான் பல்லைக் காட்டுது. ஆளு இல்ல.

— அடி பிளேடுக்குக் கீழ மல்லாந்து படுத்து போல்ட்டு முறுக்குறவன் மேலேர்ந்து எப்படி சார் தெரிவான்?

— அப்ப நீயே இறங்கிப் பாரு.

— நான் இறங்கினா இங்க யாரு நிப்பா? நீங்களும் உங்க கட்டரும்.

— என்னைக் கொலைகாரன்ங்கறியா?

— அவசரக்காரன்ங்கறேன். வேணும்னா நீங்க இறங்குங்க.

— இந்த வயித்தை வெச்சுக்கிட்டு அந்த ஓட்டையிலயா? நடுவுல மாட்டினா என்னையும் சேத்துல்ல வெட்டி எடுக்கணும்!

— சிரிப்பு வரல சார். உள்ள இறங்குறவன், யாரும் மெஷினைப் போட்டுடக் கூடாதுன்னு தன் பூட்டைத் தானே ஸ்விட்ச்ல மாட்டுவான், சாவியை இடுப்புல முடிஞ்சுக்குவான். வெளிய வந்து அவன் கையாலதான் கழட்டணும். சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

— எனக்கே பாடம் எடுக்காத. போன் அடிச்சேன், எடுக்கல.

— எல்லார் போனையும் கேட்லயே வாங்கி வெச்சுக்கிறீங்க. எப்படி எடுப்பான்?

— சரி, ஸ்பேனரால மூணு தட்டு தட்டு. உள்ள ஆளு இருந்தா பதிலுக்குத் தட்டணும்னு உங்களுக்குள்ள ஒரு வழக்கம் வெச்சிருக்கீங்கல்ல?

— நீங்க வர்றதுக்கு முன்னாடியே தட்டிட்டேன்.

— பதிலு?

— வரல.

— அப்புறம் என்னய்யா? உள்ள காத்துதான் இருக்கு. நகரு!

— தொடாதீங்க சார். தட்டுனது நானு. என் தட்டு அவனுக்குத் தெரியும். என் தட்டுக்கு அவன் பதில் தட்ட மாட்டான். ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல.

— இரும்புத் தொட்டிக்குள்ள படுத்துக்கிட்டா ஒருத்தன் ரோஷம் பாப்பான்?

— எங்க குடும்பத்துல பாப்பாங்க.

— அப்படி என்னய்யா பகை?

— அவன் அப்பா செத்தப்ப நான் போகல. அன்னிக்கு டபுள் ஷிப்டு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் போறதுக்கு மூஞ்சி இல்லாமப் போச்சு. அதைச் சொல்லித்தான் தங்கச்சி காலையில வந்து அழுதா.

— சரிய்யா, தொலையுது. நான் தட்டறேன்.

— நீங்கதான் ஏற்கெனவே டார்ச்சால தட்டினீங்களே, மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி மெதுவா. இந்தச் சத்தத்துல அவனுக்கு அது தீவனம் உதிர்றதாத்தான் கேட்டிருக்கும். வாய் விட்டுக் கூப்பிட்டாத்தான் ஆகும். பக்கத்து அரவை மெஷினை நிறுத்தச் சொல்லுங்க.

— அதையுமா? முதலாளி என் தோலை உரிச்சுடுவாருய்யா!

— உரிக்கட்டும். தோலு வளரும்.

— நிறுத்துங்கடா அதை! ம்... நின்னுடுச்சு. கூப்பிட்டுத் தொலை.

— மாப்ள! மாப்ள, நான்தான்! உள்ள இருக்கியா?

— பாத்தியா? ஒரு சத்தமும்—

— சும்மா இருங்க சார்! மாப்ள, என் மேல இருக்குற கோவத்தை வெளிய வந்து காட்டு! இங்க உன் பூட்டை வெட்டக் கட்டர் வந்திருக்கு!

— ...கட்டரா?

— அடப்பாவி! உள்ளேர்ந்துதான்யா வருது. இருக்கான். ஆளு இருக்கான்யா.

— பூட்டு மேல ஸ்விட்ச்ல, சாவி என் இடுப்புல. எவன் என்ன பண்ணிட முடியும்னு தெம்பா படுத்துக் கிடந்தேன். உன் தட்டுன்னு தெரிஞ்சதும் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டேன்.

— வெப்படா, வெப்ப. சார், அந்தக் கட்டரைக் கீழ போடுங்க. கால்ல விழுந்துடப் போகுது.

— சைக்கிள் இல்லைன்னுதான்யா நான்...

— மாப்ள, பதட்டப்படாம மெதுவா ஏறு. நீ வெளிய வந்து உன் கையால பூட்டைக் கழட்டுற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்.

— நில்லு மச்சான். நீ நின்னதாலதான் முழு உடம்பா வர்றேன், இல்லைங்கல. ஆனா அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு மட்டும் நினைச்சுக்காத. எங்க அப்பா சாவுக்குத் துக்கம் கேக்க நீ இன்னும் என் வீட்டுப் படி ஏறல. அது பாக்கி.