தையல்கடையில நின்ன வண்டி

இல்லண்ணே, நீங்க நகர வேண்டாம், எனக்கு இந்த ஓரம் போதும். அங்க ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்குது, அதான் எந்திரிச்சு வந்தேன். உங்களை இன்னும் கூப்பிடலையா? கூப்பிடுவாங்க. உள்ள மேனேஜரோட இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. இப்பதான் டீ போச்சு.

நானா? நம்ம கம்பெனிதான். மாடில, கம்ப்யூட்டர் பக்கம். நீங்க காலைல வண்டியை எடுத்துட்டுக் கெளம்பிடுவீங்க, நாங்க மேல ஸ்க்ரீனைப் பாத்துட்டு உக்காந்திருப்போம், எங்க பாத்துக்கிறது. ஆனா உங்களை எனக்குத் தெரியும். டயாலிசிஸ் பேஷண்டுங்களை வீட்லேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வேன் டிரைவர். வண்டிச் சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னும் தெரியும். இன்னிக்கு வேலை இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க, இல்ல? ம். எனக்கும் உள்ள ஒரு சின்ன வேலை இருக்கு. அது கெடக்கட்டும்.

நான் மேப் வேலை பாக்கறேண்ணே. உங்க போன்ல மேப் வருதுல்ல, பேஷண்ட் வீட்டு மேல செவப்பா ஒரு பின் நிக்குமே, அதைக் குத்துறவன் நான்தான். மேப் நம்மளோடது இல்லை. வெளில ஒருத்தன்கிட்ட வாங்குறோம். நாம அட்ரஸைக் குடுத்தா அவன் இடத்தைச் சொல்லுவான். கேக்க சுலபமா இருக்கும், ஆனா உயிரை வாங்கிடும். சில நாள் மேப் வர்ற இடத்துல வெறும் சாம்பல் கலர் கட்டம்தான் வரும். நாலு மணி நேரம் மண்டையை ஒடச்சுப்பேன். கடைசில ஸ்க்ரீன்ல அந்த ஜன்னலோட ஓரத்தைப் பிடிச்சு லேசா இழுத்து விட்டா, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நிக்கும். போன்ல பக்கத்தைத் தள்ளலாம்னு வெரலை வச்சா, பக்கம் நகராது, மேப் நகந்துடும். நம்ம ஊரு எங்க போச்சுன்னு தேடணும்.

இன்னொண்ணு கேளுங்க. மேப்ல ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு நம்பர் உண்டு. ஒரு மேப்காரன் வடக்கு தெக்கு நம்பரை முதல்ல கேப்பான், இன்னொருத்தன் கெழக்கு மேக்கை முதல்ல கேப்பான். நான் ஒரு தடவை மாத்திக் குடுத்துட்டேன், நம்ம ஆபீஸ் நடுக்கடல்ல போய் உக்காந்துடுச்சு. மேனேஜர் வந்து, கடல்ல எப்பப்பா கிளை தொறந்தோம்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். எங்க வீட்டம்மா சொல்லும், ஊருக்கே வழி காட்டுறீங்க, ஒரு நாளாவது நேரா வீட்டுக்கு வரத் தெரியுதான்னு.

பரவாயில்லண்ணே, சிரிங்க. உங்களைச் சிரிக்க வைக்கணும்னுதான் இதெல்லாம் சொல்றேன் போல.

அந்த பேஷண்ட் அம்மாவா? உங்களுக்கு யாரும் சொல்லலையா? ஐசியூலேர்ந்து வார்டுக்கு மாத்திட்டாங்க. மூச்சுத் திணறல் இல்லை இப்போ. நேத்து போனேன் நான். உள்ள போகலை, வாசல்லயே நின்னேன். அவங்க பொண்ணு வெளில வந்துச்சு. கம்பெனிலேர்ந்து வந்திருக்கேன்னு சொன்னதும் உங்களைத் திட்ட ஆரம்பிச்சிடுச்சு. எங்கம்மா வாசல்ல பையோட உக்காந்திருந்தாங்க, அந்த ஆளு தையல்கடைல நின்னுட்டு இருந்தானாம்னு ஒரே அழுகை. நான் ஆமாம்மா, ஆமாம்மான்னு தலையாட்டிட்டு வந்தேன். வண்டி ஏறுற வரைக்கும் தலை ஆடிட்டே இருந்துச்சு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். போன் காட்டுன எடத்துக்குத்தான் போனீங்க. தையல்காரர்கிட்ட கேட்டீங்க, இங்க அப்படி யாரும் இல்லையேன்னாரு. அந்த அம்மாவுக்குப் போன் அடிச்சீங்க, அவங்களுக்குக் காது மந்தம், எடுக்கலை. வண்டியை அங்கயே விட்டுட்டு முக்கால் மணி நேரம் அந்தத் தெருவையே நடந்து சுத்துனீங்க, அவங்களுக்கு அன்னிக்கு டயாலிசிஸ் தவறிப் போச்சு. ஆபீஸ் ஸ்க்ரீன்ல வண்டி தையல்கடைல நிக்குது. மேனேஜர் என்ன சொன்னாரு, கம்பெனி வண்டில போய் பேண்ட்டுக்கு அளவு குடுத்துட்டு இருக்கான்னாரு. போன் காட்டுனதைப் போட்டோ எடுத்தியான்னு வேற கேட்டாங்களாமே. வண்டி ஓட்டுறவன் ஸ்டியரிங்கைப் பிடிப்பானா, போட்டோ எடுப்பானா.

எனக்கு எப்படித் தெரியுமா? சொல்றேன்.

அந்த அம்மா நமக்குப் புது பேஷண்ட், இருக்கறது பாலத்துக்கு அந்தப் பக்கம், புதுசா கட்டுன வீடு. மேப்புக்கு அந்தத் தெருவே தெரியாது. தெரியலைன்னா என்ன பண்ணணும்? தெரியலைன்னு சொல்லணும். நானும் முதல்ல அப்படித்தான் வச்சிருந்தேன், இடம் தெரியலை, போன் பண்ணிக் கேளுங்கன்னு செவப்பு எழுத்துல வரும். ஒரு நாள் பெரிய ஆளுங்க பாக்க வர்றதா இருந்துச்சு. மேனேஜர், இதென்னப்பா ஸ்க்ரீன் முழுக்கச் செவப்பா இருக்கு, மேப் காலியா இருக்கக் கூடாது, ஏதாவது ஒண்ணைக் காட்டுன்னாரு. சரின்னு, இடம் கெடைக்கலைன்னா பின்னை ஊருக்கு நடுவுல குத்திடுன்னு புரோகிராம்ல எழுதி வச்சேன். அவங்க வந்துட்டுப் போற வரைக்கும்தான்னு நெனச்சேன். வந்தாங்க, பாத்தாங்க, கை தட்டிட்டுப் போனாங்க. நான் அதை எடுக்கலை. எடுக்கணும் எடுக்கணும்னு நெனைப்பேன், வேற வேலை வந்துடும். ஊருக்கு நடுவுல என்ன இருக்குன்னு கூட நான் போய்ப் பாத்ததில்லை. இப்பதான் போய்ப் பாத்தேன். தையல்கடை.

இருங்கண்ணே, முழுசா சொல்லிடறேன். அந்த அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்கன்னு தெரிஞ்ச உடனே நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவங்க வீட்டைத் தேடிப் பிடிச்சு, என் கையால பின்னை அவங்க வாசல் மேலயே வச்சேன். அடுத்த வண்டியாவது ஒழுங்காப் போகட்டும்னுதான் செய்யறேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். மறுநாள் மேனேஜர் வந்து அட்ரஸை அடிச்சுப் பாத்தாரு. பின் கரெக்டா வாசல் மேல நிக்குது. டிரைவர் பொய் சொல்றான் பாருன்னு என்னைப் பாத்தாரு. நான் மேப்பையே பாத்துட்டு நின்னேன். அப்ப வாயைத் திறந்திருக்கணும்.

உள்ள என்ன வேலைன்னு கேக்க மாட்டீங்களா? அன்னிக்கு மேப் சரியாத்தான் இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தான். இப்ப அதை வாயாலயும் சொல்லணுமாம், அவ்வளவுதான் வேலை. ஏன் குடுத்தேன்னா, பயம்ணே. என் வேலை போயிடுமேன்னு பயம். வேற பெரிய காரணம் எதுவும் இல்லை.

திட்டவாவது செய்யுங்க.

இதோ வர்றேன் சார்.

என்னைத்தான் முதல்ல கூப்பிடுறாங்க. எந்திரிங்கண்ணே, நீங்களும் கூட வாங்க. ஒருத்தர் ஒருத்தராத்தான் வரணும்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். என் பக்கத்துலயே நில்லுங்க. தனியா போனா நான் மறுபடியும் அதையேதான் சொல்லிடுவேன்.