தார்க்கோட்டைத் தாண்டாத தண்ணீர்

ஆற்றங்கரைப் பள்ளிக்கு ஆங்கிலமும் ஆறுதலும் அள்ளித் தந்த அன்னையே! கடல் கடந்த ஊரைக் கண்ணெதிரே காட்டிய கனிவுடைய மெர்சி டீச்சரே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து ஓய்வு பெறும் உங்களுக்கு, உடன் உழைத்த எங்கள் வணக்கம்.

மூர் மார்க்கெட்டில் நீங்கள் வாங்கிய அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை மறப்போமா? இங்கிலாந்தில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றின் கதை அது. அரசன் வரவில்லை, போர் நடக்கவில்லை. ஓடம் விட்டவர் யார், ரொட்டிக்கடை யாருடையது, எந்த வெள்ளம் எவ்வளவு ஏறியது, இவ்வளவுதான். ஒவ்வொரு வெள்ளம் வடிந்ததும் தேவாலயச் சுவரில் கோடு வெட்டி ஆண்டைப் பொறித்தார்களாம். நீங்கள் சொன்ன அழகில், அந்த ஊருக்குப் பக்கத்துப் படப்பையில் பஸ் மாற வேண்டுமா என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு.

எண்பத்தைந்தாம் ஆண்டு வெள்ளம் வடிந்ததும் நம் பள்ளிப் படிக்கட்டுச் சுவரில் தாரால் ஒரு கோடு போட்டீர்கள். சத்துணவு சமைக்கும் கோவிந்தம்மா, "இன்னா டீச்சர், தண்ணி மறுபடி வந்து கோட்டப் பாத்து நின்னுக்குமா?" என்று கேலி பேசினார்.

இந்தக் கார்த்திகையில் ஆறு ஏறியது. கரையோரக் குடும்பங்கள் பள்ளிக் கூடத்துக்குள் அடைந்தன. கோவிந்தம்மாவின் மகளும் ஒன்பது நாள் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். நண்பகலில், ஏரி உடைந்துவிட்டதென்று ஒரு புரளி. வெள்ளத்தின் இழுப்பில் இறங்கியாவது சாலைக்குப் போய்விடலாமென்று கோவிந்தம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நீங்கள் அதட்டவில்லை, படிக்கு அழைத்துப்போய்க் கோட்டைக் காட்டினீர்கள்.

"அன்னிக்கே இதுக்கு மேல வரல. தண்ணி இன்னும் ரெண்டு படி கீழதான் கீது. கரிக்கட்டி எடுத்துனு வா, கோவிந்தம்மா. கால் மணிக்கு ஒரு கோடு போட்டுப் பாக்கலாம்."

அடுப்புக் கரியோடு அவர் படியில் உட்கார்ந்தார். மூன்று கோடுகள் மூழ்கின. எதையாவது பேச வேண்டுமென்று கேட்டார்: "அந்த இங்கிலீஷ் ஊர்ல கோடு வெட்னவங்க பேரு இன்னா டீச்சர்?"

"யாரும் எழுதி வைக்கலம்மா."

நான்காம் கோடு மூழ்கவில்லை. அடுத்த கால் மணியில் அதன் கீழே இரண்டு விரல் அளவுக்கு ஈரச் சுவர் தெரிந்தது. அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "எறங்குது," என்றார் மெல்ல. கூடத்தில் அத்தனை பேரும் ஒன்றாய் மூச்சுவிட்ட அந்த ஓசை எங்கள் காதில் இன்னும் இருக்கிறது.

டீச்சரே, தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் கோட்டை நேற்றுதான் வரைந்தோம். தார்ச் சட்டி பிடித்தவர் கோவிந்தம்மாவேதான். அந்த ஊர் விட்ட குறையை இந்த ஊர் விடாது: இரண்டு கோடுகளுக்கும் மேலே உங்கள் பெயரை எழுதச் சொல்லி, எழுத்தறியாத அவர், கடைசி எழுத்து காயும்வரை காவல் நின்றார்.

நலமும் நிறைவும் நெடுநாளும் பெற்று நீங்கள் வாழ்க! அந்தப் பெயரை எட்டிப் பார்க்க எந்தத் தண்ணீரும் வராதிருக்கட்டும்!

இவண்,
ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள்,
ஆற்றங்கரைப் பள்ளி, மணிமங்கலம் அருகில்
31.12.1991