அழகமுத்துவின் மகன்

மாத்தளைப் பக்கத்து உக்குவளை மழையில் வெள்ளைச் சட்டையின் மடிப்புக் குலையாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமல்ல. எனக்கு அது இருபத்திரண்டு வயதிலேயே கைவந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதால் சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் அப்பா தோட்டத்துக் கிளாக்கர் வீட்டுச் சமையல்காரர். கிளாக்கர் தில்லையம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டுக் கேட்டு அவருடைய பேச்சு என் வாயிலும் ஏறிவிட்டது. இன்னொன்றையும் அவரிடம்தான் கற்றேன். தோட்டத்து ஆட்கள் அன்பாகப் பேசுகிறவனை நம்பமாட்டார்கள். ஏசுகிறவனைத்தான் மேலிடத்து ஆள் என்று நம்புவார்கள்.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு. தோட்டத்து ஆட்கள் இலங்கைப் பிரஜைகளாக வேண்டுமானால் ஓகஸ்ட் ஐந்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அவர்களுக்கு நாடில்லை. ஜூலையில், என்னை யாருக்கும் தெரியாத ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு ஏறினேன். பெயர் ஜெயரட்ணம், விண்ணப்பம் எழுதக் கண்டி அரசாங்கக் கந்தோரிலிருந்து வருகிறேன் என்றேன்.

ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் அழகமுத்து என்றொருவன் கும்பிட்டான். "கடதாசியெல்லாம் இருக்குங்க. கொப்பி எடுத்துத் தரவாங்க?"

"கொப்பியெண்டா என்னெண்டு தெரியுமோடா உனக்கு? மாடு மேய்க்கிற மூஞ்சி. அசலைக் கொண்டு வா."

அவன் சிரித்தான். நிம்மதியில். பின்னால் நின்ற ஒருத்தி, "நம்ம கிளாக்கரவிட நல்லா ஏசுறாரு. பெரிய எடந்தான்" என்றாள். சற்று நேரத்தில் நாற்பத்து மூன்று குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ்களும் தோட்டப் பதிவுகளும் என் பெட்டிக்குள் வந்துவிட்டன. ரசீது யாரும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கோபம் வருமென்று பயம். இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

பணம் வாங்கவில்லை. கோழி கொண்டுவந்தார்கள், திருப்பி அனுப்பினேன். எனக்குத் தேவை ஒரே ஒரு பிறப்புச் சான்றிதழ். என் பிறப்பை அப்பா பதியவே இல்லை. படித்தவன், உடுத்தத் தெரிந்தவன், நான் இவர்களோடு சேர்ந்து நாடற்றவனா?

அழகமுத்து தந்த கடதாசிக் கட்டுக்குள் அது கிடைத்தது. அவன் மகன் சன்னாசிக்கு என் வயது. கொழும்புத் துறைமுக வேலைக்குப் போனவன் காய்ச்சலில் செத்தான் என்று கடிதம் மட்டும் வந்ததாம். உடல் வரவில்லை. செத்தவனுடைய சான்றிதழ் எதற்கு என்று கேட்டேன். "அவன் பேரு எழுதின கடதாசி அது ஒண்ணுதாங்க" என்றாள் அவன் மனைவி. சன்னாசி. இந்தப் பெயரைப் பதினேழு வருடம் சுமந்திருக்கிறேன், ஐயா. அதுவே ஒரு தண்டனைதான்.

அந்தப் பெயரில் விண்ணப்பித்தேன். பிறகு யோசித்தேன். அழகமுத்துவின் விண்ணப்பமும் போனால் மகன் இறந்தது தெரிந்துவிடும். அவனுடையதை மட்டும் நிறுத்தினால், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று போய்க் கேட்பான். எல்லோருக்கும் இல்லையென்றால் யாரும் கேட்கமாட்டார்கள், தலைவிதி என்பார்கள். நான் தங்கியிருந்த வீட்டில் ஸரீனா உம்மாவின் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். அவர்கள் பத்திரமாகக் காப்பாற்றிய கடதாசி, ஈரமே இல்லை, நன்றாக எரிந்தது. குளித்தேன்.

என் கணக்குப் பிழைக்கவில்லை. பதினேழு வருடம் அவர்கள் பதில் வருமென்று காத்திருந்தார்கள். இந்தியாவுக்குப் போகச் சொல்லி இந்த வருடம் உத்தரவு வந்த பிறகுதான் அழகமுத்து முதன்முதலாகக் கண்டிக் கந்தோருக்குப் போனான். அங்கே புரட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்: உன் பெயர் இல்லை, உன் மகன் சன்னாசி பிரஜை, மாத்தளையில் புடவைக்கடை வைத்திருக்கிறான் என்று.

போன வாரம் அழகமுத்துவும் மனைவியும் என் கடைக்கு வந்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில ஆளு மாறிப்போச்சோன்னு வந்தோங்க. எம்புள்ளைக்கு நெத்தியில தழும்பு இருக்கும்" என்றாள். நான் மரியாதை தெரிந்தவன். முடியை ஒதுக்கிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் நின்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"எழும்பிப் போங்கோடா வெளியில" என்றேன்.

அழகமுத்துவுக்கு அந்தக் குரல் நினைவிருந்தது. மெதுவாகக் கேட்டான்: "நாங்க குடுத்த கடதாசியாங்க?"

அப்போதும் 'ங்க' போட்டுத்தான் கேட்டான், ஐயா.

அடுத்த மாதம் அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறுகிறார்கள். நாற்பத்து மூன்று குடும்பங்களை நாடில்லாமல் ஆக்கியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அழகமுத்துவின் குடும்பத்தில் ஒருவனாவது இந்த நாட்டுப் பிரஜையாக இருக்கிறான் என்றால், அது நான் செய்த உதவி.